ஹியூப்ரிஸ் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், நாடகமும் அரங்கியலும் எடுத்தவர்கள், ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் இளைஞர்கள் எல்லோரும் இந்த ஒரு சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். நாளைக்குப் பரீட்சை என்று ஓடி வருகிறவர்களுக்கு முதல் நான்கும் போதும்.

சேர், ஹியூப்ரிஸ் எண்டா என்ன? ஒரு வசனத்தில சொல்லுங்க.

தன் பலத்தையோ வெற்றியையோ நம்பி, தனக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறந்துவிடுகிற, கடைசியில் தன்னையே கவிழ்க்கிற செருக்கு.

இதில் மூன்று கூறுகள் உண்டு: கையில் உண்மையான பலம், எல்லையை மதியாமை, அதனால் வரும் வீழ்ச்சி. மூன்றில் ஒன்று இல்லையென்றால் வேறு சொல்லைத் தேடுவது நல்லது. கையில் ஒன்றுமில்லாமல் வாய்வீச்சு மட்டும் உள்ளவரை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் குறிப்பது அரிது.

ஹப்ரிஸா, ஹியூப்ரிஸா, ஹைப்ரிஸா? ஆளுக்கொரு மாதிரிச் சொல்றாங்க.

ஹியூப்ரிஸ். 'ஹியூமன்' என்று சொல்லத் தொடங்குவது போலத் தொடங்குங்கள். அழுத்தம் முதல் அசையில். எழுத்துகள் ஆறு: எச், யு, பி, ஆர், ஐ, எஸ். கடைசியில் வரும் எஸ் சொல்லோடு பிறந்தது. அதைப் பன்மை என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம்.

சில பழைய புத்தகங்களில் யு வரும் இடத்தில் வை என்ற எழுத்து இருக்கும். அது வேறு சொல் அல்ல. மூலக் கிரேக்கச் சொல்லில் அந்த இடத்தில் இருப்பது உப்சிலோன் என்ற எழுத்து. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொன்னால் வருகிற ஒலி அது. இலத்தீனில் அதை வை என்ற எழுத்தால் எழுதினார்கள். விடைத்தாளில் யு போட்டே எழுதுங்கள்.

ப்ரைட், அரகன்ஸ், ஹியூப்ரிஸ் எல்லாம் ஒண்டுதானே? ஏன் இத்தன சொல்?

ஒன்றல்ல. ப்ரைட் இருபக்கமும் போகும்: மகள் பல்கலைக்கழகம் போனதில் தாய்க்கு வருவதும் ப்ரைட், அடுத்தவரை மதியாமல் நடப்பதும் ப்ரைட். அரகன்ஸ் கெட்ட பக்கம் மட்டும். தனக்கு உரித்தில்லாததைத் தனதென்று கேட்டு எடுத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மற்றவர்களை எப்படி நடத்துகிறார் என்பதில் தெரியும். வனிட்டிக்கு வேர் 'வெறுமை'. பிறர் பார்வைக்கும் புகழுக்கும் ஏங்குவது. சுப்பர்சிலியஸ் என்று ஒரு சொல் உண்டு, அதன் வேர் இலத்தீனில் புருவம். புருவத்தை உயர்த்தி ஆளை அளக்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வித்தியாசம் பிடிபட ஒரே அதிகாரியை இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். கந்தோரில் வரிசையில் நிற்கிற விவசாயிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் இருக்கிறார்: அது அரகன்ஸ். மாரியில் குளத்து நீர் ஏறுகிறது, வான் கதவைத் திறக்க வேண்டும் என்று பொறியியலாளர் இரண்டு தரம் சொல்லியும், "நான் நிண்டு கட்டின கட்டு உடையாது" என்று இருந்துவிடுகிறார்: அது ஹியூப்ரிஸ். முதலாவதில் பிழை மனிதரை நடத்துகிற விதத்தில். இரண்டாவதில் பிழை தன் அளவைக் கணக்கிட்டதில்.

வசனத்தில எப்பிடிப் போடுறது? 'ஹீ இஸ் ஹியூப்ரிஸ்' எண்டு எழுதினன், சிவப்புக் கோடு போட்டுட்டாங்க.

கோடு சரி. ஹியூப்ரிஸ் பெயர்ச்சொல், ஆளுக்கு அடைமொழி ஆகாது. 'ஹீ இஸ் ஹியூப்ரிஸ்டிக்' என்று எழுதலாம். வினையடை வேண்டுமானால் ஹியூப்ரிஸ்டிக்கலி. வினைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை, கிரேக்கத்தில் உண்டு.

எண்ண முடியாத பெயர் என்பதால் முன்னால் 'எ' வராது, பன்மையும் வழக்கில் இல்லை. ஒரு செயலைக் குறிக்க வேண்டுமென்றால் 'ஆன் ஆக்ட் ஒஃப் ஹியூப்ரிஸ்'. அதிகம் காணப்படும் அமைப்பு 'ஹீ ஹாட் த ஹியூப்ரிஸ் டு திங்க்' என்று தொடங்கி, அவர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்வது. ஒன்று கவனியுங்கள்: இது எழுத்து நடைச் சொல். தம்பியின் தடிப்பைப் பற்றிச் சிநேகிதிக்கு எழுதும்போது 'அரகன்ட்' போதும்.

இது எந்த மொழிச் சொல்? எப்ப இங்கிலீசுக்கு வந்த?

கிரேக்கம். அங்கே அது மிகப் பழைய சொல், ஆங்கிலத்திலோ புதுசு. அகராதிகள் காட்டுகிற முதல் ஆங்கிலப் பதிவு 1884. ஹியூப்ரிஸ்டிக் என்ற அடைமொழி அதற்கும் முந்தியது, 1831. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் படித்த கூட்டம் பள்ளிக்கூடத்திலேயே கிரேக்கம் கற்றது. பரம்பரை பரம்பரையாகப் பேச்சில் தேய்ந்து வந்த சொல் அல்ல இது. புத்தகத்திலிருந்து நேரே எடுத்துக்கொண்ட சொல்.

ஆகவே சேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இது இல்லை. மக்பெத்திடம் ஹியூப்ரிஸ் இருந்தது என்று எழுதுவது தவறல்ல, ஆனால் அது நம் காலத்து முத்திரை. கிரேக்கத்துக்கும் அப்பால் வேர் எது என்று போனால், முதற்பகுதி 'மேலே' என்ற பொருளுடையது என்று சிலர் பிரித்துக் காட்டுவார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு கிடையாது. இணையத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிரேக்கத்திலயும் 'பெரும கூடுறது' எண்டுதானே அர்த்தம்?

இல்லை. அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். பழைய கிரேக்கத்தில் ஹுப்ரிஸ் (கிரேக்கச் சொல்லை இனி இப்படி எழுதுகிறோம்) முதலில் ஒரு செயல்: இன்னொருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துதல். மனதுக்குள் இருக்கிற செருக்கு அதன் ஊற்று, அவ்வளவுதான்.

அரிஸ்டோட்டில் தன் பேச்சுக்கலை நூலின் இரண்டாம் பகுதியில் தெளிவாக வரையறுக்கிறார். பாதிக்கப்பட்டவருக்கு வெட்கம் உண்டாகும்படி ஒன்றைச் செய்வது அல்லது சொல்வது. அதில் செய்பவருக்கு வேறு இலாபம் இல்லை, பழைய கணக்குத் தீர்ப்பதும் இல்லை. அந்தச் செயல் தருகிற இன்பத்துக்காகவே செய்வது. பழிக்குப் பழி வாங்குகிறவன் ஹுப்ரிஸ் செய்யவில்லை, பழி வாங்குகிறான் என்றும் பிரித்துச் சொல்கிறார். இன்பம் எங்கிருந்து வருகிறது? அடுத்தவரைத் தாழ்த்தும்போது தான் உயர்ந்ததாகத் தோன்றுகிறதே, அதிலிருந்து. அதனால்தான் இளைஞர்களும் பணக்காரர்களும் இதில் முன்னுக்கு நிற்கிறார்கள் என்கிறார்.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு நம் பல்கலைக்கழகங்களின் பகிடிவதையைப் பாருங்கள். புதுப்பிள்ளையை முழங்காலில் நிறுத்திச் சிரிக்கிற மூத்த மாணவருக்கு அதில் காசு இல்லை, அந்தப் பிள்ளையோடு முன்கோபமும் இல்லை. அரிஸ்டோட்டில் சொன்னதன் அச்சு அசல். இலங்கையில் இதற்கென்றே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஏதென்சிலும் ஹுப்ரிசுக்குச் சட்டம் இருந்தது.

சட்டமா? பெருமைக்கு எப்பிடி வழக்குப் போடுறது?

பெருமைக்கு அல்ல, மேலே சொன்ன செயலுக்கு. டெமொஸ்தனிஸ் என்ற பேச்சாளரின் உரை ஒன்றில் சட்டத்தின் வாசகமே வருகிறது. சிறுவர், பெண், ஆண், சுதந்திரமானவர், அடிமை என யாருக்கு ஹுப்ரிஸ் இழைக்கப்பட்டாலும், உரிமையுள்ள எந்த ஏதென்ஸ் குடிமகனும் வழக்குத் தொடரலாம். பாதிக்கப்பட்டவரே வர வேண்டுமென்பதில்லை. 30 நாளுக்குள் வழக்கு மன்றுக்கு வர வேண்டும். குற்றம் நிரூபணமானால் தண்டனையை நடுவர் மன்றமே அளந்து தீர்மானிக்கும். மரண தண்டனை வரை போகலாம். வீண்வழக்குக்கும் தடுப்பு இருந்தது: ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை என்றால் வழக்காளிக்கு 1000 திராக்மா தண்டம்.

அப்ப ஆருக்காவது அடிச்சாலே ஹுப்ரிஸா?

அடி மட்டும் போதாது. வெறும் அடிதடிக்கு ஏதென்சில் 'ஐக்கெயா' என்ற வேறு தனியார் வழக்கு இருந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட டெமொஸ்தனிஸ் எழுதிக்கொடுத்த இன்னொரு உரையைப் போல வேறொன்று இல்லை. அரிஸ்தோன் என்ற இளைஞனைக் கோனோனும் அவன் கூட்டமும் சந்தைவெளியில் பிடித்து, உடுப்பை உரிந்து, சேற்றில் தள்ளி மிதித்தார்கள். வாயும் கண்ணும் வீங்கிக் கிடந்தவன் மேலே நின்று கோனோன், சண்டையில் வென்ற சேவலைப் போலக் கூவினானாம். கூட நின்றவர்கள் முழங்கையை இறக்கையாக விலாவில் அடிக்கச் சொல்லி உசுப்பினார்களாம். அடித்தது காயம். கூவியதுதான் ஹுப்ரிஸ்.

இத்தனைக்கும் அரிஸ்தோன் போட்டது ஐக்கெயா வழக்கு. அவன் வயதுக்குப் பெரிய வழக்கு தாங்காது என்று வேண்டியவர்கள் தடுத்துவிட்டார்கள். பெரிய இடத்தோடு மோதுவதற்கு முன் உறவினர் சொல்கிற அதே அறிவுரை.

மரத்துக்குக் கூட ஹுப்ரிஸ் எண்டு சொன்னாங்களாமே, உண்மையா?

உண்மை. தீனி கூடி, கொடியும் இலையுமாகப் படர்ந்து காய்க்காமல் நிற்கிற திராட்சையைப் பற்றிப் பேசும்போது அரிஸ்டோட்டில் இதே வேரிலிருந்து பிறந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். அவருடைய மாணவர் தியோபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றிய நூலில் இன்னொன்றைக் குறிக்கிறார்: காய்க்காத வாதுமை மரத்தில் இரும்பு ஆப்பு அடிப்பார்கள், ஹுப்ரிஸ் பிடித்த மரத்தைத் 'தண்டிப்பது' என்று சிலர் அதற்குப் பெயர் சொல்வார்கள். காய்க்காத மாவில் கத்தியால் கொத்திவிடுகிற நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.

வயல் தெரிந்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். யூரியா கூடிய நெல் மதாளித்துக் கரும்பச்சையாக எழும்பும், பார்க்க அழகு; பிறகு தாள் சாயும், நோய் பிடிக்கும், மணி குறையும். 'மதர்த்தல்' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் செழித்தல், செருக்குதல் என்ற இரண்டு பொருளும் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. கொழுப்பு, தடிப்பு என்று நாம் சொல்வதும் அந்தப் பக்கம்தான்.

நாங்க படிச்சது தெய்வத்துக்கு எதிராப் போறதுதான் ஹியூப்ரிஸ் எண்டு. அது பிழையா?

பாதி சரி. மனிதனை மனிதன் இழிவுபடுத்துவதுதான் அன்றாடப் பொருள். ஆனால் துன்பியல் நாடகத்திலும் கவிதையிலும் மனிதன் தன் எல்லையைத் தாண்டித் தெய்வத்தின் எல்லைக்குள் கால் வைப்பதற்கும் இதே சொல் வரும். ஆங்கிலம் எடுத்துக்கொண்டது முக்கியமாக இந்தப் பக்கத்தை.

சிறந்த உதாரணம் எஸ்கிலஸ் கிமு 472இல் மேடையேற்றிய பாரசீகர்கள் நாடகம். அதற்கு எட்டு வருடம் முன்பு சலாமிஸ் கடற்போரில் தோற்ற சேர்க்சிஸ் மன்னனைப் பற்றியது. படகுகளை வரிசையாகக் கட்டி ஹெலஸ்பொண்ட் நீரிணைக்கு மேலே பாலம் போட்டவன் அவன். முதற்பாலம் புயலில் அறுந்தபோது கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னான் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். நாடகத்தில் அவனுடைய தந்தை தாரியுசின் ஆவி எழும்பி வந்து, ஹுப்ரிஸ் பூத்துக் காய்த்தால் அழிவுதான் கதிராக வரும், கண்ணீர்தான் அறுவடை என்கிறது. அழிவுக்கு அங்கே வருகிற சொல் 'ஆட்டே'. 'கோரோஸ்', அதாவது திகட்டுகிற அளவு நிறைவு, ஹுப்ரிசைப் பெற்றெடுக்கும் என்று பழைய ஏதென்ஸ் கவிஞர் சோலோன் பாடினார். நிறைவு, ஹுப்ரிஸ், அழிவு என்று வரிசையாக நினைவில் வையுங்கள்.

நெமெசிஸ் எண்டு சேத்துச் சொல்றாங்களே, அது ஆர்?

அவரவருக்கு உரியதைப் பங்கிட்டுக் கொடுக்கிற பெண்தெய்வம். 'பங்கிடுதல்' என்ற வினைதான் வேர். ஏதென்சைச் சேர்ந்த ராம்னூஸ் என்ற ஊரில் கோயில் இருந்தது. இடிபாடுகள் இன்றும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் ஹியூப்ரிஸ் முன்னால் வந்தால் நெமெசிஸ் பின்னால் வரும் என்பது பத்திரிகை நடை.

டீச்சர், ஹமார்ஷியாவும் ஹியூப்ரிசும் ஒண்டா? நோட்சில ரெண்டையும் ஒரே வரியில போட்டிருக்கு.

ஒன்றல்ல. பரீட்சையில் புள்ளி போகிற இடம் என்பதால் நிதானமாக வாசியுங்கள். துன்பியல் நாயகன் நல்வாழ்விலிருந்து வீழ்வது கெட்ட குணத்தால் அல்ல, ஒரு ஹமார்ஷியாவால் என்று அரிஸ்டோட்டில் கவிதையியலின் 13ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். ஹமார்ஷியாவின் வேர்ப்பொருள் இலக்குத் தவறுதல். எறிந்த ஈட்டி, விட்ட அம்பு குறி பிசகுவது. அது ஒரு தவறு, பெரும்பாலும் அறியாமையால் வருவது.

துன்பியல் நாயகனின் குறைபாடு ஹுப்ரிஸ்தான் என்ற வாசகம் கவிதையியலில் எங்கும் கிடையாது. பிற்காலத்து வகுப்பறைகளில் ஒட்ட வைத்தது அது. விடையில் இப்படி எழுதலாம்: 'ஹமார்ஷியா நாயகனின் தவறு, சில நாடகங்களில் அந்தத் தவறுக்கு ஹுப்ரிஸ் காரணமாகலாம்.'

அப்ப ஈடிப்பசுக்கு ஹுப்ரிஸ் இருந்திச்சா இல்லையா?

ஈடிப்பஸ் மன்னனைப் பற்றிய சோபொக்கிளிசின் நாடகத்தில் குழுவினர் பாடுகிற ஒரு பாட்டில் 'ஹுப்ரிஸ் கொடுங்கோலனைப் பெற்றெடுக்கிறது' என்று வரி இருக்கிறது. அதை வைத்துப் பலர் ஆம் என்பார்கள். ஆனால் அவன் தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் ஆள் தெரியாமல். அது முந்திய பதிலில் சொன்ன ஹமார்ஷியாவுக்குப் பாடப்புத்தக உதாரணம். மைத்துனன் கிரேயோன் மேல் சதிப்பழி சுமத்தியதிலும் குருட்டு ஞானி தைரேசியசை ஏளனம் செய்ததிலும் ஹுப்ரிசின் சாயல் உண்டு. எங்கள் கருத்தில், கேள்வி எந்தக் காட்சியைப் பற்றியது என்று பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

நம்மட கதைகள்ல ஆர் பொருத்தம்? இராவணனா, துரியோதனனா?

எந்தப் பொருள் என்று முதலில் தீர்மானியுங்கள். பழைய கிரேக்கப் பொருளுக்கு பாரதத்தில் சபைக் காட்சியை மிஞ்ச ஒன்றில்லை. சூதில் எல்லாவற்றையும் வென்றாயிற்று, இனி எடுக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்து துகிலுரிந்தது இழிவுபடுத்துகிற இன்பத்துக்காக மட்டும். அரிஸ்டோட்டிலின் வரையறை ஒவ்வொரு சொல்லாகப் பொருந்துகிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கையும் தீமிதிப்பையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் வடமோடிக் கூத்தில் துச்சாதனன் ஆடுவதைப் பார்த்தவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய ஆங்கிலப் பொருளுக்கு இராவணன். தேவர், அசுரர், இயக்கர் யாராலும் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்டவன், மனிதரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்களை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. விட்ட அந்த இடத்தாலேயே முடிவு வந்தது. பலம், எல்லையை மதியாமை, வீழ்ச்சி மூன்றும் ஒரே முடிச்சில். வீடணன் சொல்லியும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வந்தும் தள்ளியது ஹியூப்ரிசுக்கு நல்ல அடையாளம்.

தமிழில 'ஆணவம்' எண்டு போட்டா முடிஞ்சிதே?

அன்றாடப் பேச்சில் முடிந்தது. பாடசாலையில் சைவம் படித்தவர்களுக்கோ அது வேறு ஒன்றையும் குறிக்கும். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் மூலமலம் ஆணவம். அணு என்பதிலிருந்து வந்த சொல்; உயிரின் அறிவை அணுவளவாகச் சுருக்கி மறைப்பதால் அந்தப் பெயர். அது எல்லா உயிருக்கும் பொது. வென்றவருக்கு மட்டும் வருகிற ஹியூப்ரிசுக்கு அதை ஈடாக்கினால் சித்தாந்தம் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

நாங்கள் பரிந்துரைப்பது இது. அரசியல், வணிகக் கட்டுரை என்றால் 'அளவறியாச் செருக்கு' அல்லது 'இறுமாப்பு'. கிரேக்கச் சட்டம், அரிஸ்டோட்டில் என்றால் 'இழிவுபடுத்தல்', 'மானபங்கம்', இடத்துக்கேற்ப 'அத்துமீறல்'. நாடக விமர்சனம் என்றால் முதல் தடவை 'ஹுப்ரிஸ்' என்றே எழுதி ஒரு வசனம் விளக்கிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லைத் தொடருங்கள். 'பெருமிதம்' போடாதீர்கள். தொல்காப்பியம் கல்வி, தறுகண், இசைமை, கொடை நான்கிலும் பிறக்கிற மெய்ப்பாடாக அதைச் சொல்கிறது. இன்றும் அது நல்ல சொல்.

ஆனா குறள்ல பெருமிதம் கூடாதெண்டும் வருதே?

வருகிறது. 431ஆம் குறளில் செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவரின் செல்வம் 'பெருமித நீர்த்து'; அங்கே அது மேன்மை. 979இல் 'பெருமை பெருமிதம் இன்மை'. அங்கே அதே சொல் செருக்கு. ஒரே நூலுக்குள் ஒரு சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது, ஆங்கில ப்ரைட் போல.

ஹியூப்ரிசுக்கு மிகக் கிட்டிய குறள் வேறு அதிகாரத்தில், வலியறிதலில் இருக்கிறது. 474: 'அமைந்தாங் கொழுகான் அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்'. மேலே நாங்கள் சொன்ன 'அளவறியா' இங்கிருந்து எடுத்தது. இரண்டு குறள் தள்ளி, நுனிக்கொம்பு வரை ஏறியவர் அதையும் கடந்து ஏற முயன்றால் உயிருக்கு முடிவு என்கிறது 476. வியப்பு என்னவென்றால், திருவள்ளுவர் இவற்றை ஒழுக்க அதிகாரத்தில் வைக்காமல் அரசன் தன் பலத்தைக் கணக்கிடுகிற அதிகாரத்தில் வைத்திருக்கிறார்.

வேதாகமத்தில வாற அகந்தையும் இதுவும் ஒண்டா? எங்கட மார்க்கத்தில கிப்ர் எண்டு இரிக்கி, அது?

நீதிமொழிகள் 16:18, 'அழிவுக்கு முன்னானது அகந்தை'. மூலம் எபிரேயம். அலெக்சாந்திரியாவில் யூதர்கள் செய்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருப்பது ஹுப்ரிஸ் என்ற சொல்லேதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பொருள் திரும்பவும் செயல் பக்கம் சாய்கிறது: 2 கொரிந்தியர் 12:10இல் பவுல் சொல்கிற 'நிந்தைகள்', அப்போஸ்தலர் 27:10இல் புயலால் கப்பலுக்கு வரப்போகிற 'வருத்தம்' இரண்டுக்கும் மூலச்சொல் இதுவே.

கிப்ர் என்பதற்கு 'ஸஹீஹ் முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் நபிமொழியிலேயே விளக்கம் இருக்கிறது: உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதும். இரண்டாம் பாதி கிரேக்கப் பொருளுக்கு மிகக் கிட்டியது. 'நான் அவனைவிட மேலானவன். என்னை நெருப்பாலும் அவனைக் களிமண்ணாலும் படைத்தாய்' என்று ஆதமுக்குப் பணியாமல் இப்லீஸ், அதாவது சாத்தான், சொன்ன மறுப்பு அதற்கு உதாரணம். வித்தியாசம் ஒன்று: கிப்ர் அணுவளவு இருந்தாலும் குற்றம், யாரிடமும் இருக்கலாம். ஹியூப்ரிசுக்குப் பெரிய பலமும் பெரிய அளவும் வேண்டும்.

ஹைபிரிட் விதை எண்டு சொல்றமே, அதும் இதே வேரா?

இல்லை. அது வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்த இலத்தீன் சொல். கிரேக்கச் சொல்லோடு குழப்பி எழுத்தை மாற்றியதால் உறவு போலத் தெரிகிறது.

ஹியூப்ரிஸ் ஒரு வருத்தம் எண்டு ஒரு கட்டுரையில கண்டன். டொக்டர்மார் ஒத்துக்கொண்டதா?

முன்னாள் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சரும் மருத்துவருமான டேவிட் ஓவன், மனநல மருத்துவர் ஜொனதன் டேவிட்சனோடு சேர்ந்து 2009இல் பிரெயின் என்ற மருத்துவ இதழில் 'ஹியூப்ரிஸ் சின்ட்ரோம்' என்று முன்வைத்தார். 14 அறிகுறிகள், குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதிகாரத்தில் நீண்ட நாள் இருக்கும்போது வந்து, பதவி போனதும் பெரும்பாலும் குறைவது என்பது அவர்கள் கருத்து. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஆகவே யாரையும் நோயாளி என்று எழுத அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

வணிகத்துறையினருக்கு: 1986இல் ரிச்சர்ட் றோல் என்ற பொருளியலாளர், ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கும்போது சந்தை விலைக்கு மேலே கொடுப்பதற்கு முகாமையாளர்களின் ஹியூப்ரிஸ் ஒரு காரணம் என்று வாதிட்டார். சந்தை சொல்கிற பெறுமதியை விடத் தன் மதிப்பீடே சரி என்ற நம்பிக்கை.

தோத்தவங்க எல்லாருக்கும் ஹியூப்ரிஸ் எண்டு எழுதலாமா? டைட்டானிக்குக்கு எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறாங்க.

எழுதலாம் என்றால் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். முடிவைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறவருக்கு எந்தத் தோல்வியும் செருக்காகவே தெரியும். எழுதுவதற்கு முன் மூன்றைத் தேடுங்கள்: அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, எச்சரித்தவர் யார், எச்சரிக்கையை எதனால் தள்ளினார். பணம் இல்லாமலோ நேரம் இல்லாமலோ தள்ளியிருந்தால் அது வேறு பிழை.

1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் 2200 பேரளவில் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகள் 20, அவற்றில் இடம் 1178 பேருக்கு. கேட்டவுடன் ஹியூப்ரிஸ் என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்துப் பிரித்தானிய விதி கேட்டது 16 படகுகள்தான். கப்பலில் இருந்தது விதியை விடக் கூட. பனிப்பாறை எச்சரிக்கை கிடைத்தும் வேகம் குறைக்காதது வலுவான சான்று. அதற்கும் அக்காலக் கப்பல் வழக்கம் அதுவே என்று மறுப்பு உண்டு. இரண்டையும் வைத்து எழுதினால் நல்ல கட்டுரை.

இண்டைக்குக் கிரீஸ்ல போய் இந்தச் சொல்லச் சொன்னா விளங்குமா?

எழுத்து அதே, உச்சரிப்பு 'ஈவ்ரிஸ்'. பழைய நாடகங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் பழம்பொருளும் படித்தவர்களுக்குத் தெரியும். பேச்சிலோ அந்த வேரிலிருந்து வந்த 'வ்ரீசோ' என்ற வினைதான் புழங்குகிறது. அதற்குப் பொருள் ஏசுதல். 'வ்ரிஸ்யா' என்றால் தூஷணம். பஸ்ஸில் காலை மிதித்தவருக்கு நம்மூரில் கிடைக்கிறதே, அது.